அவன் குடிக்காத கலர்

குடை என்பது மழைக்குத்தான் என்று ரோஸ்லின் அந்த ஐப்பசி மாத வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தே கால்வரைக்கும் நினைத்திருந்தாள்...

ஐந்தே காலுக்குக் கரியமாணிக்கம் ஏரிக்கரையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, குடையை விரித்து நாலு எட்டுதான் வைத்திருப்பாள். பின்னால் வந்த மொபெட் ஒன்று சேற்றில் வழுக்கி, சர்ரென்று பக்கவாட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. பின்சீட்டில் கட்டியிருந்த ஐஸ் பெட்டி வாயைத் திறந்தது. அடுத்த நொடி அவள் செருப்பைச் சுற்றி ரோஜா நிறத்தில் சங்கரா மீன்கள்... ரோட்டில் ஓடுகிற மழைத் தண்ணீரோடு, உயிர் திரும்பி வந்ததுபோல வழுக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க... ஏரிக்குள்ள போவுது பாருங்க. அத புடிங்க, அத புடிங்க," என்றான் கீழே கிடந்தவன். எழுந்திருக்கக்கூட இல்லை. முழங்காலில் ரத்தம். கண்ணெல்லாம் மீன்மேல்.

ரோஸ்லின் ஒரு கணம்தான் யோசித்தாள். விரித்த குடையைத் தலைகீழாகத் தரையில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஓடுகிற மீன்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் குடைக்குள் போட ஆரம்பித்தாள். பாகூரில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை அது. மீனையும் அப்படித்தான் எடுத்தது, நிதானமாக, ஒன்றையும் நழுவவிடாமல்.

கடைசி மீன் மதகுச் சுவரோரம் கிடந்தது. அதற்கு அவள் கையும் அவன் கையும் ஒன்றாகப் போயின. நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்கு நடுவே இரண்டு கண்கள்... கடல் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளப் பழகிய கண்கள். இப்போது சுருக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

'இன்னா இப்டி பாக்கறாரு... மூஞ்சில செதிலு ஒட்டிக்கிச்சா?'

ஒட்டித்தான் இருந்தது. இடது கன்னத்தில், ஒரே ஒரு செதில், மழையில் மினுங்கிக்கொண்டு. அதைச் சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தான். ஆனால் வேறு என்னவோதான் வந்தது.

"கொடையில மீனு புடிக்கறத நான் எங்கயும் பாத்ததில்லிங்க. எங்க ஊர்ல வலைதான்."

"எந்த ஊரு உங்க ஊரு?"

"பனித்திட்டு."

"அம்மாந்தூரத்துல இருந்து கடல் மீன கொணாந்து எங்க ஏரியில வுடறீங்களே... எங்க ஏரியில மீனு கொறைச்சல்னு யாருனா சொன்னாங்களா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததில் முழங்கால் வலித்து, வலித்ததில் மறுபடி சிரித்தான்.

அவன் பெயர் ராஜ்கமல். கத்தாரில் ஒரு மீன் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அண்ணன் போட்டில் கடலுக்குப் போகிறார், அவர் பிடித்து வருவதை இவன் மொபெட்டில் வைத்து உள்பக்கத்து ஊர்களில் விற்கிறான். கரியமாணிக்கத்துக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். இதெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் மீனை அடுக்கி முடிக்கிற நேரத்துக்குள் ரோஸ்லின் தெரிந்துகொண்டாள். அவள் கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.

"முட்டியில மண்ணு ஏறிக்கீது. அப்டியே வுட்டா சீழ் வெச்சிக்கும். எங்க வூடு இதோ இந்தத் தெருதான், வந்து கழுவிக்கினு போங்க. மருந்துக் கடைக்காரி சொல்றன், கேளுங்க."

அவன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் செதில் அப்பிய குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குடைக்கு வெளியேதான் மழை என்று யார் சொன்னது... அவளுக்கு உள்ளேயும் மெல்லத் தூறிக்கொண்டிருந்தது.

*

ரோஸ்லினின் அப்பா அந்தோணிசாமி கொத்தனார். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

பாகூரிலிருந்து நெட்டப்பாக்கம்வரை அவர் கட்டிய வீடுகள் முப்பதுக்குக் குறையாது. புதுமனை புகுகிற அன்று வேட்டி துண்டு கொடுப்பார்கள், வாசலில் நிற்க வைத்து. தான் பூசிய சுவருக்குள்ளே உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்த வீடு எது என்று யாராவது கேட்டால் அந்தோணிசாமி பேச்சை மாற்றிவிடுவார். காலனித் தெருக்காரருக்கு அதற்கு மேல் மரியாதை இல்லை என்பது ஊர் எழுதாமல் வைத்திருந்த சட்டம். அதனாலோ என்னவோ, தன் வீட்டைத் தன் கையால் கட்டி முடித்ததும் முதல் வேலையாக ஆறு கண்ணாடி டம்ளர் வாங்கினார். பூப்போட்ட டம்ளர்கள். யார் வந்தாலும் அதில் கலர் ஊற்றிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார். உள்ளூர் சோடா இல்லை, கடையிலேயே விலை உசந்த, பெரிய கம்பெனி கறுப்புக் கலர். வருகிறவர்களில் சில பேர் வாங்கி, உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள் போனபிறகு ரோஸ்லின்தான் அதை எடுத்துக் கொல்லையில் கொட்டுவாள்.

அன்றும் அப்படித்தான், ராஜ்கமல் முழங்காலைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அந்தோணிசாமி மழையோடு கடைக்குப் போய் பாட்டிலோடு வந்துவிட்டார். ரோஸ்லின் பஞ்சில் மருந்து நனைத்துக் கொடுத்தாள். தொடாமல்தான் கொடுத்தாள், ஆனாலும் அவளுக்கு விரல் நுனியில் சுட்டது.

"சாப்புடு தம்பி," என்று டம்ளரை நீட்டினார் அந்தோணிசாமி.

ராஜ்கமல் டம்ளரைப் பார்த்தான். பிறகு மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தான். ஏரிக்கரையிலிருந்து அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"வேணாங்க ஐயா. நான் குடிக்கமாட்டன்."

"புது பாட்டிலுப்பா. இப்பதான் தொறந்தன்."

"இல்லிங்க ஐயா... தப்பா எடுத்துக்காதீங்க. ஐஸ் கரையுது. நான் வரன்."

டம்ளரை வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, விந்தி விந்தி வெளியே போனான். மொபெட் உறுமிக்கொண்டு போகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அந்தோணிசாமி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார். தானே கழுவினார். துண்டால் துடைத்து, அலமாரியில் மற்ற ஐந்தோடு வைத்தார்.

"அவசரம் போலக்கீது, பாவம்," என்றார்.

அந்தப் 'பாவ'த்தை ரோஸ்லினால் தாங்க முடியவில்லை. அப்பா அவமானப்படும்போதெல்லாம் அவமானப்படுத்தியவனுக்காகப் பரிந்து பேசுவார், அவளுக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். கன்னத்தில் செதில் இன்னும் மினுங்கியது. நகத்தால் சுரண்டி எறிந்தாள்.

'சிரிச்சிக்கினே வந்தியே... எங்க வூட்டு டம்ளர பாத்ததும் எறங்கிடுச்சா மூஞ்சி?'

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு 'பொய்ங்... பொய்ங்' என்று ரப்பர் ஹாரன் சத்தம் தெருவுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா சட்டியோடு படி இறங்கினாள். ரோஸ்லின் வாசலில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... நேத்து இந்தாளு எங்க வூட்டுக்குள்ள வந்து காலு கழுவினாரு. அப்பா கலரு குடுத்தாரு. வாய் வெக்காம வெச்சிட்டுப் பூட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். அமிர்தம் இறங்கிய படியிலேயே ஏறினாள்.

"நம்ப டம்ளருல வாய் வெக்காதவன் மீனு நம்ப சட்டிக்கு எதுக்குடி?"

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் இருக்கிற இருபத்திரண்டு வீட்டுக்கும் விஷயம் போய்விட்டது. யாரும் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. அந்தோணிசாமிக்கே தெரியாது. ஆனால் அதற்கப்புறம் ராஜ்கமலிடம் அந்தத் தெருவில் ஒரு நெத்திலி விற்கவில்லை.

அவன் தினமும் வந்தான். பூவரச மரத்தடியில் மொபெட்டை நிறுத்தி, ஹாரன் அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருப்பான். கதவுகள் சாத்தியிருக்கும். இரண்டு பூனைகள் மட்டும் விசுவாசமாக வந்து உட்காரும். மேலத் தெருவில் கை காட்டிக் கூப்பிடுகிறார்கள், சுத்துப்பட்டில் வேறு ஊர்கள் இல்லாமலா போய்விட்டன... ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்தை அவன் விடவில்லை.

ரோஸ்லினும் ஜன்னலை விடவில்லை. சாத்துவாள்தான், ஆனால் ஒரு விரல்கடை மிச்சம் வைத்துச் சாத்துவாள். அந்த இடைவெளியில் அவன் பாதிதான் தெரிவான். ஒரு தோள், ஒரு கை, மழைத்துளி சொட்டுகிற முன்முடி. 'எனக்கு இன்னா வந்துது... பாதி மனுசன பாத்துக்கினு நிக்கறன்' என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு இரண்டு முறை முழங்கால் தைலத்தை எடுத்து வைத்தாள்.

மூன்றாவது வாரம் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்த ராஜ்கமலுக்கு விஷயம் பாதி பிடிபட்டது. ஒரு வீடு வாங்காவிட்டால் அது கோபம். ஒரு தெருவே சேர்ந்து வாங்காவிட்டால் அது தள்ளிவைக்கிற கட்டு. இது என்ன என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்... ஒரு வருஷமாக அவனும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறான். சோப்பு, பிஸ்கட், கலர் என்று எதை வாங்கினாலும் திருப்பிப் பார்த்து, எந்தக் கம்பெனி என்று படித்து, வேண்டாம் என்று கடையில் திரும்ப வைத்துவிட்டு வருகிறான். பனித்திட்டில் அண்ணன் முதல் டீக்கடைக்காரர்வரை அவனைப் பார்த்துச் சிரித்து முடித்தாயிற்று. அதனால்தான் காரணம் சொல்வதையே நிறுத்தியிருந்தான். வேண்டாம் என்றால் வேண்டாம், அதோடு சரி.

'என்னிய இவங்க தள்ளி வெச்சிருக்காங்க... செரி. எதுக்கு?'

போனை எடுத்தான். யாருக்கோ எதையோ தட்டி அனுப்பினான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். மற்ற ஊர்களில் விற்று முடித்ததும், விசாரித்து வைத்திருந்த பாகூர் மருந்துக் கடைக்கு மொபெட்டை விட்டான்.

*

மழைக்கு ஒதுங்கிய ஒரு ஆடு தவிர மருந்துக் கடையில் வேறு வாடிக்கையாளர் இல்லை.

"முட்டிக்கு ஒட்டற பிளாஸ்திரி ஒண்ணு."

"மூணு வாரமாச்சி. இந்நேரம் ஆறியிருக்கணும்," என்றாள் ரோஸ்லின், நிமிராமல்.

"ஆறிடுச்சி. வேற ஒண்ணுதான் ஆறல." குரலில் விளையாட்டு இல்லை. "நான் இன்னா தப்பு பண்ணன்னு மட்டும் சொல்லிடுங்க. தெரிஞ்சிக்கினு போயிடறன்."

ரோஸ்லின் நிமிர்ந்தாள். மூன்று வாரம் விரல்கடை இடைவெளியில் பாதியாய்ப் பார்த்த மனுஷன் முழுதாய் எதிரே நிற்கிறான். அந்தக் கண்களைப் பார்த்தால் சொல்ல வராது என்று பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கப்பா குடுத்தத வாய் வெக்காம வெச்சிட்டுப் போனீங்க இல்ல... கீழ்சாதி வூடு, எப்டி குடிக்கறதுன்னு. காலு கழுவத் தண்ணி ஆவும். குடிக்க ஆவாது."

அவன் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எனக்கு... அது தோணவே இல்லிங்க. ஐயோ. அவரு அப்டியா நெனச்சாரு?"

"அவசரம் போல, பாவம்னு சொன்னாரு."

அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். மீன் கிடங்கு வாசலில் இரண்டு பேர் தோளில் கை போட்டு நின்றார்கள். ஒருவன் ராஜ்கமல். இன்னொருவன் சுருட்டை முடி, பெரிய சிரிப்பு.

"யூசுப். கத்தாருல எங்கூட இருந்தவன். ஊரு காசா, டிவியில சண்ட காட்றாங்களே அந்த ஊரு. அவங்கப்பாவும் கடல் தொழில்தான். ராத்திரியில சமைச்சிக்கினே வலையப் பத்திதான் பேசுவோம். எங்க கடல்ல கண்ணு எட்ற வரைக்கும் போவலாம்டான்னு நான் சொல்லுவன். எங்க கடல்ல பட்டாளத்துக்காரங்க கோடு போட்ட வரைக்கும்தான், தாண்டினா சுடுவாங்கன்னு அவன் சொல்லுவான். தங்கச்சி கல்யாணம்னு ஊருக்குப் போனான்... சண்ட ஆரம்பிச்சிடுச்சி. மொதல்ல அப்பப்ப பேசுவான். போட்டெல்லாம் எரிஞ்சிடுச்சி, கடல்ல எறங்கவே வுடலன்னான். ஒரு வருசமா பேச்சே இல்ல. நான் அனுப்பறது எல்லாம் போய் சேராம ஒத்த டிக்கோட நிக்குது."

ரோஸ்லின் பில் புத்தகத்தை மூடிவைத்தாள்.

"அந்த சண்டைக்குத் தொண நிக்கற கம்பெனிங்கன்னு ஒலகம் பூரா சனங்க ஒரு லிஸ்ட் வெச்சிக்கினு வாங்காம இருக்காங்க. உங்கப்பா வாங்கியாந்த கலரு அதுல கீது. யூசுப்பு மறுபடி கடல்ல வலை போடற வரைக்கும் அத தொடறதில்லன்னு இருக்கன். அவ்ளோதாங்க."

"நீங்க ஒரு டம்ளரு குடிக்கலன்னா அங்க குண்டு நின்னுடுமா?" கேட்டுவிட்டாள். கேலியாக ஆரம்பித்தது, கடைசி வார்த்தைக்குள் குரல் இறங்கிவிட்டது.

"நிக்காது." அவனுக்குக் கோபமே வரவில்லை. "எங்க ஊர்ல ஒருத்தன் கடல்ல தவறிட்டான்னா அன்னிக்கி ஒரு போட்டுகூட எறங்காது. மீனு அள்ளிக் கெடந்தாலும் எறங்காது. போனவன் திரும்பி வருவானா? வரமாட்டான். ஆனா அவன் பொண்டாட்டி புள்ள கரையில உக்காந்துக்கினு, எல்லா போட்டும் மணல்லயே கெடக்கறத பாக்கும். நம்பளோட நிக்கறாங்கன்னு தெரியும். அது போதாதுதான்... ஆனா அதுகூட இல்லன்னா எப்டிங்க?"

ரோஸ்லினுக்கு எங்கேயோ என்னவோ நகர்ந்தது. வருஷா வருஷம் டிசம்பரில் அவள் அட்டையில் குடில் கட்டுவாள். வைக்கோல், மாடு, இடையர்கள், மேலே அட்டையில் 'பெத்லகேம்' என்று வெட்டி ஒட்டுவாள்.

"பெத்லகேம் அங்கதான இருக்குது?"

"காசாவுல இல்ல. ஆனா அவங்க சனம் இருக்கற ஊருதான். யூசுப்போட அத்தைய அங்க கட்டிக் குடுத்திருக்கு."

பெத்லகேமில் யாருடைய அத்தையோ வாழ்க்கைப்பட்டுப் போயிருப்பாள், அங்கேயும் காலையில் யாரோ மீன் வாங்குவார்கள் என்று அவள் இதுநாள்வரை நினைத்ததே இல்லை. நட்சத்திரம் மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"இத அப்பாகிட்ட வந்து சொல்லுங்க."

"சொல்லமாட்டன்." எழுந்தான். "மாட்டிக்கினதும் சாக்கு சொல்றமாரி இருக்கும். இத்தினி வருசம் அவரு எத்தினி சாக்கு கேட்டிருப்பாரு... ஞாயித்துக்கெழம வரன். அவரு கையால அதையே வாங்கிக் குடிச்சிடறன். நீங்களும் எதுவும் சொல்லக்கூடாது."

"அப்ப யூசுப்பு?"

அவன் வாசலுக்குத் திரும்பினான். பிளாஸ்திரியையும் மறந்துவிட்டு மழைக்குள் போனான்.

*

டிசம்பர் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்து அந்தோணிசாமி வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். ஹாரன் அடிக்காமல் ஒரு மொபெட் வந்து நின்றது. தெருவின் இருபத்திரண்டு ஜன்னலும் ஒரு விரல்கடை திறந்தன.

"ஐயா... அன்னிக்கி அவசரத்துல போயிட்டன். மன்னிச்சிக்கங்க. குடிக்க எதுனா குடுங்க."

அந்தோணிசாமி ஏணியிலிருந்து இறங்கி அவனைப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் அதே பாட்டிலோடு வந்தார். அதைவிடக் குறைந்ததைக் கொடுக்க அவருக்கு மனசு வராது. அதே பூப்போட்ட டம்ளர். நுரை விளிம்புவரை ஏறி அடங்கியது.

ராஜ்கமல் இரண்டு கையாலும் வாங்கினான். ரோஸ்லின் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். குழந்தைகள் கசப்பு மருந்துக்கு மூடுவதுபோல இல்லை... யாரையோ ஒருவனை மனசுக்குள் கூப்பிட்டு விடை சொல்வதுபோல இருந்தது. டம்ளர் மேலே போனது. உதட்டுக்கு ஒரு அங்குலம்.

ரோஸ்லின் குறுக்கே வந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் சுரிதார்மேல் பாதி சிந்தியது.

"இன்னா ரோஸு இது," என்று பதறினார் அந்தோணிசாமி.

"அப்பா, அவரு குடிச்சிடுவாரு. நமக்காவ குடிச்சிடுவாரு. எனக்கு அது போதும். அவரு குடிக்க வாணாம்."

பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். யூசுப்பை, எரிந்த போட்டை, ஒற்றை டிக்கை, மணலில் கிடக்கும் படகுகளை. சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை... அப்பாவுக்காகவும்தான், பார்க்காத ஒருவனுக்காகவும்தான், எதிரே தலைகுனிந்து நிற்கிற இவனுக்காகவும்தான்.

அந்தோணிசாமி பாட்டிலைத் திருப்பி, அதன்மேல் இருந்த பெயரைப் பார்த்தார்.

"டிவியில பாத்தன் தம்பி. வூடெல்லாம் மாடி மாடியா அப்டியே உக்காருது. பாக்க முடியாம நிறுத்திட்டன். ஒரு செவுரு எழுப்ப எத்தினி நாளு ஆவும்னு எனக்குத் தெரியும்." "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இத வாங்கியாந்திருக்கவே மாட்டனேப்பா."

"சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க ஐயா."

"நான் சிரிக்கமாட்டன். ஒருத்தன ஒதுக்கினா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒருத்தனுக்காவ ஒதுங்கி நிக்கறது வேற. அத இப்பதான் பாக்கறன்."

பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், போன தடவை கொட்டிய அதே இடத்தில் கொட்டினார். டம்ளரைக் கழுவினார். ரோஸ்லின் பானைத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ராஜ்கமல் ஒரே மூச்சில் குடித்தான். இன்னொன்று கேட்டான். அதையும் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டபோது அந்தோணிசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல்கள் திறக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"தம்பி, சங்கரா கீதா?" என்று சட்டியோடு படி இறங்கினாள் அமிர்தம்.

*

சாயங்காலம் ஏரிக்கரைவரைக்கும் வழியனுப்ப வந்தாள் ரோஸ்லின். மழை விட்டிருந்தது. ஏரி நிறைந்து, வானத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. அவன் விழுந்த வளைவில் மொபெட் தானாகவே நின்றது.

"எனக்கு ஜன்னலயே பேத்து எடுத்துடலாம்னு இருக்கும்... தெனம் வந்து பத்து நிமிசம் நிப்பீங்களே, எதுக்கு?"

"பூனைங்களுக்காவ."

"பொய்யி."

அவன் போனைத் திறந்து அவள் கையில் வைத்தான். யூசுப்புக்கு அனுப்பிய செய்திகள். அவனுக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷ்தான். ரோஸ்லின் படிக்க ஆரம்பித்தாள்.

'யூசுப், இன்று ஒரு பெண் என் மீனையெல்லாம் குடையில் அள்ளினாள். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. சொல்லாமல் விட்டேன். சொன்னால் துடைத்துவிடுவாள்.'

'யூசுப், அவள் தெருவில் யாரும் என்னிடம் மீன் வாங்குவதில்லை. ஆனால் அவள் ஜன்னல் முழுக்கச் சாத்தியில்லை.'

'யூசுப், இன்றும் ஒரு விரல்கடை. அது போதும் எனக்கு.'

'யூசுப், அவள் அப்பாவை நான் புண்படுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் குடிக்கப்போகிறேன். நீ என்னை மன்னிப்பாய், உன்னைத் தெரியும். அவள் மன்னிப்பாளா தெரியவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.'

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக். யாரும் இன்னும் படிக்காத கடிதங்கள். முதலில் படிக்கிறவள் தானே என்று நினைத்தபோது ரோஸ்லினுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பார்க்காதபடி திரும்பி நின்று தட்ட ஆரம்பித்தாள். அவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

'அண்ணா, நான்தான் அந்தக் குடைக்காரி. உங்கள் நண்பர் குடிக்கவில்லை, நான் விடவில்லை. எங்கள் வீட்டிலும் இனி அது வராது. உங்கள் தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் ஓடோடிப் போனீர்களாம். எங்கள் கல்யாணத்துக்கும் வாருங்கள்.'

"எங்க... யாரு கல்யாணம்?" அவன் குரல் எங்கோ போய்விட்டது.

"படிக்கத் தெரியும் இல்ல? படிங்க."

"எங்கண்ணன் ஒரு ஆட்டம் ஆடுவாரு. ஊர்லயும் கேள்வி கேப்பாங்க. வேற சாதி, வேற கோயிலு..."

"கேக்கட்டும். எங்க தெரு ஒண்ணா நின்னா இன்னா ஆவும்னு மூணு வாரமா பாத்தீங்க இல்ல?"

அவன் சிரித்தான். அன்றைக்கு மழையில் சிரித்த அதே சிரிப்பு, வடியாமல் அப்படியே நின்றது.

அவள் அனுப்பும் பொத்தானைத் தொட்டாள். ஒரு டிக் விழுந்தது. இரண்டு பேரும் தலை முட்ட அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தெருவில், அந்தோணிசாமி கட்டிய நட்சத்திரத்தில் விளக்கு எரிந்தது.

"அந்த ரெண்டாவது டிக்கு வுழற வரைக்கும்," என்றான் ராஜ்கமல், "எங்கூட காத்திருப்பியா ரோஸு?"

"இன்னிக்கே வுழணும்னுதான் மாதாகிட்ட வேண்டிக்கறன்." அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு செதிலை எடுத்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டாள். "வுழுந்தாலும் நான் போவமாட்டன்."